சூட்டுக் காற்றில் எண்ணெய் வாடை

நவம்பர் 3, திங்கள்

விடியும்போதே மழை. சிலிபின் வீட்டிலிருந்து ஹெலி நிற்கிற ஹங்கார் போய்ச் சேரும் வரை வைப்பர் நிற்கவில்லை. காடிக் கண்ணாடியில் ஆவி, துடைத்துத் துடைத்து ஓட்டினேன். காடி ஏர்கோன் இன்னும் ரிப்பேர். பட்டாளத்து ஹெலிகாப்டருக்கு ஏர்கோன் பார்க்கிறவளின் காடி லட்சணம் இது.

இன்றைய வேலை: பழைய ஹெலியின் சூட்டுக் காற்று. போன வாரம் கலக்குற வால்வு இறுகிப் போயிருந்தது, நான்தான் புதுசு மாற்றினேன். இன்று எஞ்சின் ஓட்டிச் சோதனை. ஃபோர்மேன் சேகரன் அண்ணே வலது சீட்டில் உட்கார்ந்து எஞ்சின் ஓட்டினார். நான் இடது சீட்டில். உள்ளே வேறு ஆள் இல்லை.

முதலில் குளிர். நன்றாக வந்தது. அடுத்து சூடு. கால் பக்கத் துவாரத்தில் கை வைத்தேன், இதமாக இருந்தது. வால்வு ஒழுங்காகக் கலக்குகிறது. சந்தோஷப்பட்டு முடிக்கவில்லை, ஒரு வாடை. ஈரக் காலுறையைச் சட்டியில் போட்டு வறுத்த மாதிரி. அதுக்கு அடியில் எண்ணெய்க் காரல். தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

சூட்டை மூடினால் போகிறது. திறந்தால் வருகிறது. இரண்டு எஞ்சினிலிருந்தும் தனித்தனிக் குழாயில் சூடு வருது இல்லையா, ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தேன். முதல் எஞ்சின், எ1 மட்டும் திறந்தால் சுத்தம். எ2 மட்டும் திறந்தால் நாற்றம். அண்ணனுக்கு ஜாடை காட்டினேன். அவர் என் பக்கம் சாய்ந்து, குனிந்து, துவாரத்தில் மூக்கை வைத்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு உடனே எடுத்தார்.

நிறுத்தின பிறகு எ2 குழாயைக் கழற்றி வெள்ளைத் துணி விட்டுத் துடைத்தேன். கோப்பி நிறத்தில் பிசுபிசு. எ2 பேரிங் பக்கத்து எண்ணெய் சீல் கசிகிறது, அதுதான். எஞ்சினைக் கழற்றிப் பிரிக்க வேண்டிய வேலை. அண்ணனிடம் துணியைக் காட்டிச் சொன்னேன். வாங்கிப் பார்த்தார். அழுக்குத் துணி டின்னில் போட்டார்.

"இத நீ எழுதாத மா. நானே எழுதி, பட்டாளத்துக் கேப்டன்கிட்ட நானே பேசுறேன். எஞ்சின் கழட்டுறதுன்னா சும்மா இல்லலா. அதுவரைக்கும் சூட்டுக் குழாய அடைச்சு வச்சிடுறேன். இந்த ஊர்ல யாரு ஹீட்டர் போடப் போறா?"

சரிங்கண்ணே என்றேன். இத்தனை வருஷத்தில் அவர் செய்கிறேன் என்று சொன்னதை நான் திரும்பிப் பார்த்ததில்லை.

வாங்க வேண்டியது: பால், வெங்காயம், ஓவியாவுக்கு வெள்ளைக் காலுறை.

நவம்பர் 5, புதன்

மழை விட்டுவிட்டு. முதுகு வலி. ஹெலி ரெடி என்று போர்டில் போட்டிருக்கிறார்கள். அண்ணனிடம் கேட்டேன், குழாய் அடைச்சாச்சா, கேப்டன் என்ன சொன்னார் என்று. எல்லாம் பேசியாச்சு, நீ புது ஹெலியைப் பார் என்றார். அடுத்த வாரம் பட்டாளத் தலைமையகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்களாம், எங்கள் கம்பெனி காண்ட்ராக்ட் விஷயம். எல்லோரும் ஓட்டமும் நடையுமாக இருக்கிறார்கள்.

ராத்திரி சாப்பாட்டில் ஓவியா கேட்டாள், இங்கே வேர்த்துக் கொட்டுது, ஹெலிகாப்டருக்கு எதுக்கு ஹீட்டர், உள்ளே அடுப்பா வைத்திருக்கீங்க என்று. படிக்கிற பிள்ளை கேட்கும்போது சொல்லாமல் இருக்க முடியுமா.

அடுப்பு கிடையாது என்றேன். எஞ்சின் முன்பக்கம் காற்றை இழுத்து அடுக்கடுக்காக இறுக்கும். இறுக்கினாலே காற்று சுடும், சைக்கிள் பம்ப் அடித்தால் அடிப்பக்கம் சுடுகிறது இல்லையா. அது நெருப்புக்குள் போவதற்கு முன்னாலேயே கொஞ்சம் திருடிக் குழாயில் கொண்டு வருகிறோம். அப்படியே விட்டால் ஆள் வெந்து போவான். அதனால் ஒரு வால்வில் வெளிக் காற்றோடு கலந்து, பதமாக்கி, காலுக்கும் முன் கண்ணாடிக்கும் அனுப்புகிறோம்.

குளிர் வேறு கதை. அது நம் காடி மாதிரிதான். கேஸை கம்ப்ரஸர் இறுக்கும், சூட்டை வெளியே கொட்டும், குறுகலான வாய் வழியாகப் பீய்ச்சினதும் ஜில்லென்று ஆகும், அதன் மேல் காற்றை ஊதினால் குளிர். காற்றிலுள்ள ஈரமும் அங்கேயே சொட்டிவிடும். எஞ்சின் காற்றுக்கும் இதுக்கும் ஒட்டு உறவு கிடையாது. அதில் பாதிக் குளிர் மனுஷனுக்கே இல்லை, ரேடியோ பெட்டிகளுக்கு.

மலையில் மேகத்துக்குள் போனால் குளிரும். அதைவிட, மழையில் கண்ணாடி ஆவி பிடித்தால் பைலட்டுக்கு முன்னால் இருக்கிறது எதுவும் தெரியாது. குளிரை விட்டு ஈரத்தை எடுத்து, சூட்டை விட்டுக் கண்ணாடியைக் காய வைக்கணும். அப்போது ஹீட்டர் வேண்டும்.

"திருடுனா எஞ்சினுக்குக் குறையாதாம்மா?" என்றாள். குறையும். அதனால்தான் பாரம் தூக்கும்போது சூட்டை மூடச் சொல்வார்கள் என்றேன். சேகரன் மாமாவிடம் சொன்னால் இப்போதே வேலை போட்டுத் தருவார் என்று என் வீட்டுக்காரர் இளங்கோ சிரித்தார்.

எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. ஓவியா வயசுக்கு வந்தபோது தாய்மாமன் இடத்தில் நின்று அவளுக்கு மாலை போட்டது அண்ணேதான். சீர்த் தட்டை அவர் வீட்டிலிருந்தே தூக்கி வந்தார்கள். அதிலிருந்து அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மாமாதான்.

நவம்பர் 8, சனி

துணி காயவில்லை. மதியம் போன். பழைய ஹெலி அவசரமாக இறங்கிவிட்டது. சுங்கை சிப்புட் தாண்டி ஏதோ தோட்டத்தில். மலையில் வழி தவறினவர்களைத் தேடப் போனார்களாம். மேகம், மழை, கண்ணாடியில் ஆவி. சூட்டைத் திறந்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே வெள்ளையாகப் புகை.

பைலட் இருவரும் ஜன்னலைத் திறந்து எப்படியோ இறக்கிவிட்டார்கள். பின்னால் இருந்த அஸ்லான் மயக்கம். துவாரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தானாம். ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

அஸ்லான், கயிற்றில் ஆள் இறக்குற பையன். பையன் என்ன, கல்யாணம் ஆகிவிட்டது, மனைவி முழுகாமல் இருக்கிறாள். ஹங்காருக்கு வந்தால் என்னை மலாயில் அக்கா முறை வைத்து, கக், கக் என்று ஏர்கோன் வேலை செய்கிற இடத்திலேயே வந்து உட்காருவான், குளிருக்கு.

சூட்டைத் திறந்தார்கள் என்றால் குழாயில் எப்படிக் காற்று வந்தது? அடைத்துத்தானே வைத்திருக்கு?

அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

ஹெலியைப் பார்க்க வேனில் போனோம். நான், அண்ணே, இன்னும் இரண்டு பேர். அண்ணே முன் சீட்டில். வழி நெடுக போனைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தோட்டத்தில் ரப்பர் பால்மரம் எல்லாம் போய் இப்போது செம்பனை. தொழிலாளர் லயத்தில் பாதி வீடு பூட்டு, மீதியில் வங்காளதேசத்துக்காரர்கள், இரண்டு மூன்று தமிழ்க் குடும்பம். மூடிக் கிடக்கிற பள்ளிக்கூடத் திடலில் ஹெலி, சக்கரம் பாதி சேற்றில். காவலுக்குப் பட்டாளத்துக்காரர்கள்.

திடலை ஒட்டின வீட்டில் பார்வதி என்று ஒரு அக்கா. அவர்தான் முதலில் ஓடி வந்தவராம். ஒரு தம்பியைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள், மற்றவர்கள் கண்ணெல்லாம் தண்ணீர், அவர் வாளியில் தண்ணீர் கொண்டுபோய் முகம் கழுவி விட்டிருக்கிறார். "மண்ணெண்ண அடுப்பு பொகஞ்ச மாதிரி வாட, அந்தத் தம்பிங்க சட்டையில" என்றார். எங்களுக்குக் கோரெங் பிசாங், பொரித்த வாழைப்பழம், கொண்டுவந்து கொடுத்தார்.

நான் மேலே ஏறி மூடியைக் கழற்றினேன். எ2 குழாய். அடைப்புத் தட்டு இருக்க வேண்டிய இடத்தில் தட்டு இல்லை. எடுத்துவிட்ட அடையாளமும் இல்லை. நான் திங்கட்கிழமை திருகின போல்ட்டுகள், நான் போட்ட அடையாள மையோடு அப்படியே.

யாரும் தொடவே இல்லை.

மேலேயிருந்து பார்த்தேன். அண்ணே மரத்தடியில் நின்று பிசாங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். தட்டு எங்கேண்ணே என்று கேட்க வாயெடுத்தேன். பட்டாளத்துக்காரர்கள் சுற்றி நிற்கிறார்கள், வேனில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். வேனில் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மறந்திருப்பார் என்றுதான் வீடு வரும் வரை நினைத்தேன். வேலை நெருக்கடி, மறந்துவிட்டார், பாவம் மனுஷன் தவிக்கிறார் என்று.

நவம்பர் 11, செவ்வாய்

விசாரணை. தலைமை துவான் ரஸாலி, வெளியிலிருந்து வந்த அதிகாரி. மெதுவாகப் பேசுகிறார். கம்பெனி மீட்டிங் அறை, ஏர்கோன் ரொம்ப அதிகம், கை விறைத்தது.

அண்ணனைத்தான் முதலில் தனியாகக் கூப்பிட்டார்கள். பிறகு என்னை. என் பங்குக்கு நடந்ததை நடந்தபடி சொன்னேன். வாடை, எ2, துணி, அண்ணே மூக்கு வைத்துப் பார்த்தது, எழுதாதே என்றது. துவான் குறுக்கிடவே இல்லை. பிறகு அண்ணனை மறுபடி உள்ளே வரச் சொல்லி இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்தார். மலர் இப்படிச் சொல்கிறாள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றார்.

அண்ணே என் பக்கம் திரும்பவில்லை. மலர் வால்வு மாற்றின பிறகு ஓட்டினோம், எல்லாம் சரி என்று அவள் சொன்னாள், அவ்வளவுதான் என்றார். துணியா? ஞாபகம் இல்லை.

ஒரே சீட்டு தள்ளி உட்கார்ந்திருந்தீர்களே, உங்களுக்கு வாடை வரவில்லையா என்று துவான் கேட்டார்.

"எனக்குக் கோவிட் வந்துச்சு துவான். அப்பயிருந்து மூக்குக்கு ஒண்ணும் தெரியாது."

மலாயில்தான் சொன்னார். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

போன மாசம் தீபாவளிக்கு என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன மலரு, ஆட்டெறச்சியில சோம்பு தூக்கலா இருக்கு" என்றவர்.

அறையை விட்டு வெளியே வந்ததும் நேரே கழிவறைக்குப் போனேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து புது ஹெலியின் குளிர்ப் பெட்டியில் ஃபில்டர் மாற்றினேன். அண்ணே அந்தப் பக்கம் யாரிடமோ வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் குரல்தான் தாங்கவில்லை. கொஞ்சமும் மாறாத குரல்.

இளங்கோவிடம் சொன்னேன். அப்படியா, அண்ணே அப்படிச் சொல்ல மாட்டாரே என்றார். நான் பொய் சொல்கிறேனா என்று கேட்டேன். டிவி சத்தத்தைக் குறைத்தார்.

நவம்பர் 13, வியாழன்

வெயில். எல்லாத் துணியும் துவைத்துப் போட்டேன்.

எ2 பிரித்துவிட்டார்கள். எண்ணெய் சீல் தேய்ந்து ஒரு பக்கம் விரிசல். என் வால்வையும் அறுத்துப் பார்த்தார்கள். எண்ணெய் படிந்திருக்கு, பழுது இல்லை. வால்வில் குற்றம் கிடையாது என்று துவான் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

ஆனால் ஓட்டத்தின்போது வாடை வந்ததா, யாருக்குத் தெரியும் என்பது அப்படியேதான் நிற்கிறது. என் பேச்சு ஒரு பக்கம், அண்ணே பேச்சு ஒரு பக்கம்.

துவான் அண்ணனிடம் இன்னொன்று கேட்டாராம். அலுவலகத்து விமலா சொன்னாள். மூக்கு வேலை செய்யாத ஆள் இத்தனை வருஷம் எண்ணெய் ஒழுகுதா, பெட்ரோல் வாடை வருதா என்று எப்படிச் சோதனை செய்தீர்கள்? ஆஸ்பத்திரியில் மூக்குப் பரிசோதனை முடியும் வரை ஹெலி பக்கமே போகக் கூடாது என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

இதை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். நானும்தான். ஒரு நிமிஷம் திருப்தியாக இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. மத்தியானம் கேண்டீனில் நான் உட்கார்ந்த மேசையிலிருந்து இரண்டு பேர் எழுந்து போனார்கள். "அண்ணன மாட்டி விட்டுட்டா" என்று யாரோ.

நவம்பர் 15, சனி

காலையில் பாசார். கெம்போங் மீன் இல்லை. கங்கோங் கீரை, சோயாத் தவ்வு, கோழி வாங்கினேன்.

மத்தியானம் அண்ணே வந்தார். தனியாக. இளங்கோ முன்னாலேயே தெரிந்தவர் மாதிரி கதவைத் திறந்தார். ஓவியா டியூஷனில்.

சாயா போட்டுக் கொடுத்தேன். கொடுக்காமல் இருக்கத் தெரியவில்லை. பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

சுற்றி வளைக்கவில்லை. புதன்கிழமை கடைசி விசாரணை. எஞ்சின் ஓட்டிச் சோதித்த அன்றைக்கு அண்ணனுக்குச் சளி பிடித்திருந்தது, அதனால் அவருக்கு வாடை தெரிந்திருக்காது என்று நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். கோவிட் கதையை விட்டுவிடலாம், ஹெலி பக்கம் திரும்பப் போகலாம். நான் வாடையைச் சொன்னதாகவே இருக்கட்டும், ஹெட்செட்டில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று போகட்டும். யாருக்கும் நஷ்டம் இல்லை என்றார். இளங்கோ தலையாட்டினார். சளிதானே, எல்லாருக்கும் வர்றதுதானே என்றார்.

அண்ணே பேசிக்கொண்டே போனார். நடுவில் நிறுத்தி, மூக்கை உறிஞ்சி, "அடுப்புல என்னமோ தீயுது பாரு மா" என்றார்.

எனக்கே வாடை வரவில்லை, பருப்பு அப்போதுதான் அடிப்பிடிக்க ஆரம்பித்திருக்கிறது.

அண்ணே கோப்பையைக் கீழே வைத்தார். இளங்கோ தரையைப் பார்த்தார். நான் போய் அடுப்பை நிறுத்தினேன். சட்டியைத் தண்ணீரில் போட்டேன். திரும்பி வந்து நின்றுகொண்டே கேட்டேன்.

"அண்ணே, அன்னிக்கு நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்ன மா. கேட்டேன். மூக்கும் வச்சுப் பாத்தேன். இப்ப என்னைய என்ன பண்ணச் சொல்ற?"

பிறகு விளக்கம். அந்த வாரம் இரண்டு ஹெலியும் பறக்க வேண்டும் என்று மேலேயிருந்து சொல்லிவிட்டார்கள். எஞ்சினைக் கழற்றினால் ஒன்று படுத்துவிடும். காண்ட்ராக்ட் போனால் எல்லோர் வேலையும் போகும், என்னுடையதும் சேர்த்து. அடைப்புத் தட்டு போட்டாலும் கேப்டனிடம் காரணம் சொல்ல வேண்டும், அதனால் போடவில்லை. ஹீட்டரை யார் திறக்கப் போகிறார்கள் என்று நினைத்தார்.

"நீ பொம்பளப் புள்ள, ஒன்ன ஒண்ணும் செய்ய மாட்டாங்க, வேற எடத்துல போடுவாங்க. எனக்கு ரிட்டயர் ஆகுற நேரம். இத்தன வருஷப் பேரு."

அஸ்லான் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது, யோசிச்சுச் சொல்லு மா, நான் ஒன்ன வேத்தாளா நெனச்சதில்ல என்றார்.

வேற்றாளாக நினைத்திருந்தால் பயந்தாவது இருப்பார். வீட்டு ஆள் என்பதால்தான் என் தலையில் வைக்கலாம் என்று தோன்றியிருக்கு.

ஓவியா வந்து, மாமா காடி மாதிரி தெருமுனையில் பார்த்தேனே, வந்தாரா என்றாள். வந்துட்டுப் போனார் என்றேன். என்னைப் பார்க்காமலா போனார் என்று முகம் வாடிவிட்டது.

நவம்பர் 16, ஞாயிறு

சட்டியின் கரி போகவில்லை. தேய்த்துத் தேய்த்து விரல் நுனி எரிகிறது.

காலையில் பசியாறும்போது இளங்கோவிடம் கேட்டேன். நீங்களும் இருந்தீர்கள், அவர் சொன்னதை எல்லாம் கேட்டீர்கள், புதன்கிழமை வந்து அதை மட்டும் சொல்லுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

ரொட்டியைக் கிழித்துக்கொண்டே இருந்தார். கோவில் கமிட்டியில் அவரும் அண்ணனும் ஒன்றாக இருப்பது, திருவிழா வருவது, நாளைப் பின்னே ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியது, எல்லாம் சொன்னார். கம்பெனி உன்னை ஒன்றும் செய்யவில்லையே, வால்வு சரி என்று சொல்லியாச்சே, அப்புறம் என்ன என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டீர்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

"நான் போன் பாத்துக்கிட்டு இருந்தேன் மலர். எனக்கு ஒண்ணும் சரியா கேக்கல."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அண்ணனுக்காவது முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தெரிந்தது.

எழுந்து தட்டுகளைக் கழுவினேன். மூன்று தட்டு, மூன்று கோப்பை. அவர் பின்னால் வந்து நின்றார், கோபமா என்றார். இல்லை என்றேன். கோபம் இல்லைதான். கோபம் என்றால் ஆறும்.

நேற்று அண்ணே வருவது இவருக்கு முன்னாலேயே தெரியும். கேட்டேன். ஆமாம், போன் பண்ணினார், வரச் சொன்னேன் என்றார். என்ன சொல்லி வரச் சொன்னீர்கள்? நீங்கள் நேரில் பேசினால் மலர் கேட்பாள் என்று.

நவம்பர் 19, புதன்

மழை. கடைசி விசாரணை.

அண்ணனுக்கு அன்றைக்குச் சளி இல்லை என்றேன். சனிக்கிழமை என் வீட்டில் நடந்ததையும் சொன்னேன், பருப்பு தீய்ந்தது வரைக்கும். சொல்லும்போதே அந்த அறையில் அது எவ்வளவு சின்ன விஷயமாகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. ஓரத்தில் இருந்த ஒருவர் சிரிப்பை அடக்கினார். துவான் ரஸாலி சிரிக்கவில்லை. வேறு யார் இருந்தார்கள் என்றார். என் கணவர். அவர் வந்து சொல்வாரா? மாட்டார் என்றேன். ஏன்? அவருக்குச் சரியாகக் கேட்கவில்லையாம்.

துவான் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

அண்ணனின் மூக்குப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. மூக்கு நன்றாக வேலை செய்கிறது. அதுக்கும் பதில் வைத்திருந்தார். மெல்ல மெல்லச் சரியாகியிருக்கும் போல, எப்போதிலிருந்து என்று கவனிக்கவில்லை என்றார். அப்படி நடப்பது உண்டு என்று டாக்டரும் எழுதியிருக்கிறார்.

முடிவு. சீல் தேய்ந்ததால் கசிவு. முன்கூட்டியே யாருக்கும் தெரிந்ததாக உறுதி செய்ய முடியவில்லை. இனி சூட்டுச் சோதனையில் இரண்டு பேர் துவாரத்தில் மூக்கு வைத்துப் பார்த்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணே ஸ்டோருக்கு மாற்றம், உடம்பு ஓய்வுக்காக. நான் இருந்த இடத்திலேயே.

வெளியே வரும்போது துவான் என்னிடம் தனியாக, நீ சொன்னதை நான் நம்பவில்லை என்று நினைக்காதே என்றார். நன்றி துவான் என்றேன். அவர் நம்பி எனக்கு என்ன ஆகப் போகிறது என்று அப்போது தோன்றியது. வீட்டுக்கு வந்த பிறகு, யாரோ ஒருவர் நம்பினார் என்பது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருக்கு.

அண்ணே தன் சாமான்களை அட்டைப் பெட்டியில் போட்டு ஸ்டோருக்குத் தூக்கிப் போனார். நாலு பேர் கூடவே போய் உதவினார்கள். ஒருவர் தோளில் கை போட்டிருந்தார்.

ஓவியாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பா விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "அப்ப அவர நான் என்னன்னு கூப்புடுறது?" என்றாள்.

நவம்பர் 22, சனி

வெயில், பிறகு மேகம். ஈப்போ ஆஸ்பத்திரி. பார்க்கிங் கிடைக்காமல் சுற்றோ சுற்று.

விசாரணை நடக்கும்போது போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இன்றுதான் அஸ்லானைப் பார்க்கப் போனேன். மூக்கில் குழாய் எடுத்துவிட்டார்கள். நுரையீரலில் வீக்கம் இன்னும் இருக்காம். குரல் அடைத்திருக்கு, இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்குகிறான். பறக்க விடுவார்களா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. மனைவி கீழே சாப்பிடப் போயிருந்தாள்.

கக் என்றான். உட்காரச் சொன்னான். ஆனால் முகத்தில் ஏதோ. எப்போதும் இருக்கிற சிரிப்பு இல்லை. அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து மேசையில் பை நிறைய ஆரஞ்சு. பெரிய பழமாகப் பார்த்து வாங்கினது. யார் கொண்டுவந்தது என்று சும்மாதான் கேட்டேன். சேகரன் அண்ணே. வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறாராம், விசாரணை நடந்தபோதும். நேற்றும் வந்தார். மனைவியைச் செக்கப்புக்குக்கூட அவர்தான் காடியில் அழைத்துப் போகிறார்.

நல்லது என்றேன்.

பிறகு அவனாகவே கேட்டான். கோபமாக இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. கக், நீங்கள் அந்த வால்வைச் சரியாக மாட்டவில்லை என்று அண்ணே நேற்று சொன்னார், உங்களைக் கோபிக்க வேண்டாம், தெரியாமல் நடந்துவிட்டது என்றும் சொன்னார், நிஜமா?

நேற்று சொல்லியிருக்கிறார். வால்வில் குற்றம் இல்லை என்று எல்லோர் முன்னாலும் துவான் சொன்ன பிறகு. விசாரணை முடிந்த பிறகு. இனி இதனால் அவருக்கு ஒரு லாபமும் கிடையாது. இந்தப் பையன் மனசில் நல்லவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதுக்கு நான்.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்து மேசையில் விரித்து, பேனாவால் வரைந்தேன். இது எஞ்சின். இங்கே காற்று இறுகிச் சூடாகிறது. இந்தப் பேரிங்குக்கு எண்ணெய் வருகிறது, காற்றுப் பக்கம் போகாமல் இந்த சீல் தடுக்கிறது. சீல் விரிந்தால் எண்ணெய் காற்றில் கலந்து, அந்தச் சூட்டில் புகையாகும். இந்தக் குழாய் அதை எடுத்து வருகிறது. இது நான் மாற்றின வால்வு. இதுக்குள் சூட்டுக் காற்றும் வெளிக் காற்றும் சேர்கிறது, அவ்வளவுதான். பிறகு உன் காலடி.

அவன் டிஷ்யூவைத் தூக்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஹெலியில் கயிறும் கொக்கியும் தவிர எதையும் கேட்டதே இல்லாதவன். விரலை வால்வின் மேல் வைத்தான்.

"இதுக்குன்னு சொந்தமா எண்ணெய் கிடையாதா, கக்?"

"ஒரு சொட்டுகூடக் கிடையாது."

விரலைக் குழாய் வழியே பின்னால் நகர்த்தி எஞ்சின் வரை கொண்டு போனான். அங்கேயே வைத்திருந்தான். இது முன்னாலேயே யாருக்காவது தெரியுமா என்றான்.

தெரியும் என்றேன். நான் சொன்னேன், அண்ணே மூக்கு வைத்துப் பார்த்தார்.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். போகலாமா, இருக்கலாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மனைவி வந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து. நான் எழுந்தேன். பழம் நிறைய இருக்கு, எடுத்துக்கொண்டு போங்க கக் என்று பையை நீட்டினாள். திரும்பிப் படுத்தபடியே அவன், அதைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பை கையிலேயே இருந்தது.